உறங்கியவர் யார்?
(நடைமேடைச் சிந்தனைகள்)



கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் பயணச்சீட்டை முன்பதிவு செய்துகொள்ளும் முறைபற்றி இத்திங்கள் இப்பகுதியில் எழுதக் கருதியிருந்தோம். எழுதுகோலை எடுத்து அமர்ந்தபோது, சில வாரங்களாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த வேறொன்று முன்வந்து நின்றது. அதை மறைத்துவிட்டு இதை எழுதுவது பொய்ம்மை எனப் பட்டது. ஆதலின் முன்பதிவை அடுத்த திங்களுக்கு ஒத்திவைத்தோம், பொறுத்தருள்க.

எழுதப் புகும் பொருள் கிறித்தவச் சபை வாழ்வைச் சார்ந்தது. எம் சங்கத்து இதழோ எல்லாச் சமயத்தாருக்கும் பொது. எனினும், 'இஃது அவர்கள் வீட்டுச் செய்தி' என்று பிற நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா எனக் கேட்டுக்கொள்கிறோம். நோய் ஒன்றே, அது தேவாலயத்தில் ஒரு வடிவும், திருக்கோயிலில் ஒரு வடிவும், பள்ளிவாசலில் ஒரு வடிவும் கொள்ளும். அதன் பெயர் பக்திப் பெருமை.

பெருமையில் இரு வகை உண்டு. அளக்கக் கூடியது ஒன்று. அளக்க இயலாதது மற்றொன்று. முன்னதற்கு எம் இருப்புப்பாதைத் துறையிலிருந்தே சான்று காட்டலாம். கரக்பூர் நிலையத்து நடைமேடை 1072.5 மீட்டர் நீளமுடையது. உலகிலேயே நீண்ட நடைமேடை அதுவே என்று நெடுங்காலம் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். அங்குப் பணிபுரிந்தோர் அதனைச் சொல்லும்போது குரலே சற்று உயரும். 2013ஆம் ஆண்டில் கோரக்பூரில் 1366 மீட்டர் நடைமேடை அமைந்தது. 2023ஆம் ஆண்டில் ஹூப்ளியில் 1507 மீட்டர் நடைமேடை திறக்கப்பட்டது. அளவுநாடா வந்தது, பெருமை இறங்கியது, எவருக்கும் தீங்கில்லை. ஆனால், 'அவனைக் காட்டிலும் யான் கடவுளுக்கு அண்மையில் நிற்கிறேன்' என்னும் பெருமையை அளக்க நாடா இல்லை. ஆகவே அஃது இறங்குவதில்லை, வளர்ந்துகொண்டே போகிறது. வளர்வது வளர்ப்பவனுக்கே தெரிவதில்லை என்பதுதான் அதன் கொடுமை.

யாம் வாழும் இந்நகரில் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் ஏறத்தாழ நாற்பது உள. எமக்கெனத் தனி ஆலயம் இல்லை. இந்தி ஆராதனை நடைபெறும் ஆலயத்தில் ஞாயிறுதோறும் காலை 7 மணிக்குத் தமிழ் ஆராதனைக்கு இடம் தருகின்றனர். ஒன்பது மணிக்கு அவர்கள் வந்துவிடுவர்; அதற்குள் பலகைகளை ஒழுங்குசெய்து வெளியேறிவிட வேண்டும். திருநெல்வேலிச் சீமையார், தஞ்சைத் தரணியார், நாகர்கோவிலார், கோவையார், சென்னையார் என எல்லாரும் இங்கு ஒன்றாக அமர்கின்றனர். ஊரிலிருந்தால் ஒருவர் லுத்தரன் சபைக்கும், ஒருவர் தென்னிந்தியத் திருச்சபைக்கும், ஒருவர் இரட்சணிய சேனைக்கும் போயிருப்பர். வயிற்றுப்பாடு எல்லாரையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது.

கொணர்ந்ததே தவிர, ஒன்றாக்கிவிடவில்லை. தரங்கம்பாடிப் பக்கத்தார், 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு அங்குக் கரையிறங்கியதையும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சேறியதையும் அடிக்கடி நினைவூட்டுவர். நாகர்கோவிலார், 1806இல் மயிலாடிக்கு வந்து தொண்டு செய்த ரிங்கல்தௌபேயின் பெயரை எடுப்பர். பாளையங்கோட்டையார் தம் ஊசிக்கோபுரத்தைச் சொன்னால், மெய்ஞ்ஞானபுரத்தார் தம் கோபுரத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. இவை யாவும் உண்மை, மறுப்பாரில்லை. ஆயினும் எவரோ பல தலைமுறைக்கு முன் பட்ட பாட்டினைத் தம் கைப்பொருள்போல் எடுத்து வைக்கும்போது, எதிரே இருப்பவரைச் சிறுமைப்படுத்தும் நோக்கமும் அதனுள் கலந்துவிடுகிறது. தெற்கே 1947ஆம் ஆண்டிலும் வடக்கே 1970ஆம் ஆண்டிலும் பல சபைகள் தத்தம் தனிப்பெயரை விடுத்து ஒரே திருச்சபையாக இணைந்தன. பெயரை விடுதல் இயன்றது. 'எங்கள் ஊரில் அப்படியன்று' என்னும் சொல்லை விடுதல்தான் இன்னும் இயலவில்லை.

லூக்கா எழுதிய நற்செய்தியில் இயேசு பெருமான் சொன்ன கதையொன்று உண்டு. கிறித்தவரல்லாத நேயர்களும் கேட்டிருக்கலாம். இருவர் ஜெபம் செய்ய ஆலயத்துக்குச் சென்றனர். ஒருவன் பரிசேயன், சமயநெறியை நுணுகிக் கைக்கொண்டவன். மற்றவன் ஆயக்காரன், உரோமை ஆட்சிக்கு வரி தண்டியவன், அதில் மிகுதியாகப் பறிப்பவன் என்று சொந்த மக்களாலேயே வெறுக்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவன். முன்னவன், தான் வாரத்தில் இருமுறை உபவாசிப்பதையும் வருவாயில் பத்தில் ஒன்று கொடுப்பதையும் எடுத்துரைத்து, அதோ நிற்கும் ஆயக்காரனைப்போல் தான் இல்லை என்பதற்காக நன்றி செலுத்தினான். பின்னவன் தொலைவில் நின்று, தலைநிமிரவும் துணியாமல், இரக்கம் ஒன்றையே வேண்டினான். நீதிமானாக வீடு திரும்பியவன் பின்னவனே என்பது கதையின் முடிவு.

இக்கதையை இளமை முதல் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் பரிசேயனை ஒரு பொய்யனாகவே எண்ணி வந்தோம். அண்மையில் மீண்டும் படித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. அவன் பொய் சொன்னதாகக் கதையில் எங்குமே இல்லை. உபவாசமும் உண்மையாகலாம், காணிக்கையும் உண்மையாகலாம். பின் பிழை யாது? அவன் ஜெபத்திற்கு ஓர் ஆயக்காரன் தேவைப்பட்டான். அருகே தாழ்ந்தவன் ஒருவன் நில்லாவிடின் அவன் ஜெபத்தில் பாதி இல்லை. கடவுளை நோக்கி நின்றவன் கடைக்கண்ணால் மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் காலத்தில் ஆலயத்து முற்றம் இருந்தது. எம் காலத்தில் கைப்பேசி இருக்கிறது. எம் சபைக்கென வாட்ஸ்அப் குழு ஒன்றுண்டு. ஒருவர் விடியற்காலை 4 மணிக்கு, 'ஜெபத்தில் தரித்திருக்கிறேன்' என்று செய்தி இடுவார். மறுநாள் மற்றொருவர் 3.45க்கே இடுவார். யாம் நகைப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு லெந்து காலத்தில் உபவாசத்தின் நாட்கணக்கை நாள்தோறும் அக்குழுவில் இட்டவர் யாமே. எவரேனும் கைகூப்பிய படத்தை மறுமொழியாக அனுப்பினரா என்று அலுவலகத்திலும் எடுத்துப் பார்த்ததுண்டு. பசித்தது வயிறு, உண்டது பெருமை.

பக்திப் பெருமை எப்போதும் ஓர் இருக்கையைத் தேடும். இதற்குத் தமிழ்த் திருச்சபை வரலாற்றிலேயே வருந்தத்தக்க சான்று உண்டு. ஒரே ஆண்டவரை வணங்க வந்தோர், சாதிக்கொரு புறமாகப் பிரிந்து அமர்ந்தனர். திருவிருந்தில் முன்னே செல்வோர் எவர், பின்னே செல்வோர் எவர் என்றும் வழக்கம் வகுத்தனர். 1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயராக இருந்த தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்குச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு மூண்டது. பலர் ஆலயத்தை விட்டே விலகினர். ஆண்டவரை விடுதல் எளிது, இருக்கையை விடுதல் அரிது என்று அவர்கள் வாயால் சொல்லவில்லை, காலால் சொன்னார்கள்.

இவற்றையெல்லாம் பழங்கதையாகப் படித்து, 'அந்தோ, அறியாமை!' என்று இரங்கியிருந்தோம். யாம் அவ்வாறு இல்லை என்று உள்ளுக்குள் நன்றியும் செலுத்தியிருந்தோம். பரிசேயன் எம் வீட்டிலேயே குடியிருந்தான். வாடகை மட்டும் கேட்கவில்லை.

இனி நிகழ்ந்ததைச் சொல்லுகிறோம்.

எம் சபையில் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் உளர். வயது ஐம்பதைக் கடந்தவர்; திருநெல்வேலிப் பக்கத்தவர். யார்டில் பெட்டிகளை இணைப்பதும் பிரிப்பதும், கொடியும் விளக்கும் காட்டுவதும் அவர் பணி. மூடுபனி அடர்ந்த இரவுகளில், முன்னே சமிக்ஞை உண்டு என்று ஓட்டுநருக்கு உணர்த்துவதற்காகத் தண்டவாளத்தின்மேல் சிறு வெடிகளைப் பொருத்திவிட்டு அவ்விடத்தில் நிற்கும் பொறுப்பும் அவருக்கு வரும். எஞ்சின் சக்கரம் ஏறியவுடன் அது வெடித்து ஒலி எழுப்பும். வடநாட்டு மார்கழி, தைப் பனி எத்தகையது என்பதை இங்குள்ள நேயர்களுக்கு யாம் விளக்க வேண்டுவதில்லை. நீட்டிய கை தெரியாது.

அவர் எம்மை எப்போதும் 'தம்பி' என்றே அழைப்பார். அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் எம்மை மற்றப் பணியாளர் 'சார்' என்பர். அவர் மட்டும் ஆலயத்திலும் தெருவிலும் யார்டிலும் 'தம்பி' என்பார். அதில் எமக்கு ஒரு சிறு மனக்குறை இருந்ததென்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

கடந்த தைத் திங்களில் தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் அவர் ஆராதனையில் உறங்கினார். கண்ணயர்தல் அன்று, தலை மார்பில் சாய, மெல்லிய குறட்டையுடன் கூடிய உறக்கம். பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தனர். யாம் சபையின் செயலர். முதற்பலகையில் அமர்ந்து, பாடம் வாசித்து, வருகைப் பதிவேட்டையும் பேணுகிறவர். ஆண்டவருடைய சந்நிதியின் மதிப்பைக் காக்கும் கடமை எம் தலையில் விழுந்துள்ளதாக எண்ணிக்கொண்டோம்.

அவ்வாரம் புதன்கிழமை மாலை ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். அவரும் மனைவியும் பதினான்கு வயது மகளும் வந்திருந்தனர். எம் முறை வந்தது. 'ஆண்டவரே, உமது சந்நிதியில் வந்து உறங்குகிறவர்களை எழுப்பும். அவர்கள் வீட்டாருக்கு அவர்கள் இடறலாகாதபடி காத்தருளும்' என்று உருக்கமாக வேண்டினோம். சிலர் உரக்க 'ஆமென்' என்றனர். கண்களை மூடியிருக்க வேண்டிய வேளையில் சிலர் திரும்பி அவரைப் பார்த்தனர். யாமும் பார்த்தோம். அவர் தரையை நோக்கியிருந்தார். அன்றிரவு யாம் நன்றாக உறங்கினோம்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பதிவேட்டில் ஒழுங்காகக் குறித்தோம். இடையில் ஒருநாள் நிலையத்து நடைமேடையில் எதிர்ப்பட்டார். 'வணக்கம் சார்' என்று சொல்லி ஒதுங்கி வழிவிட்டார். யாம் விரும்பியிருந்த சொல் அதுவே. கிடைத்தபோது அது கல்லைப்போல் வந்து விழுந்தது. எனினும் காரணத்தை ஆராயாமல் கடந்து போனோம்.

காரணம் எம் மேசைக்கே வந்து சேர்ந்தது. பணியாளரின் இரவுப் பணிப்படிப் பட்டியலைச் சரிபார்ப்பது எம் வேலைகளுள் ஒன்று. அடுத்த திங்களின் தொடக்கத்தில் யார்டுப் பணியாளரின் பட்டியலை வரிவரியாகப் பார்த்து வந்தோம். அவர் பெயருக்கு நேரே அம்மாதத்தில் 23 இரவுகள் குறிக்கப்பட்டிருந்தன. இருவர் நெடுவிடுப்பில் இருந்தமையால் அவர்களுடைய முறையையும் அவர் ஏற்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளைத் தேடினோம். அம்மூன்று ஞாயிறுகளிலும், முந்திய நாள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவர் பணியில் இருந்திருக்கிறார். ஆறு மணிக்குக் கொடியையும் விளக்கையும் ஒப்படைத்துவிட்டு, எண்ணெய்க் கறையைக் கழுவி, வீட்டுக்கும் போகாமல் ஏழு மணிக்கு ஆலயத்தில் வந்து அமர்ந்திருக்கிறார்.

அவர் வேலை எமக்குத் தெரியும். அவர் வேளை தெரியாது. கேட்டதுமில்லை. எம் மேசைக்கும் அந்த யார்டுக்கும் இடையே அரைக் கல் தொலைவுகூட இல்லை. படுக்கையை விட்டு அவர் தம் உறக்கத்தையே காணிக்கையாகக் கொண்டுவந்து ஆண்டவர் முன் வைத்திருக்கிறார். பத்து மணி நேரம் கம்பளிக்குள் கிடந்து எழுந்து வந்த யாம் அதனைக் குற்றமெனக் கணக்கெழுதினோம். அவர் விழித்திருந்தமையால் இந்நகர் உறங்கியது. அவர் உறங்கியபோது யாம் ஜெபத்தால் அவரை அடித்தோம். கையால் அடித்திருந்தால் அவர் தடுத்திருக்கலாம். ஜெபத்தால் அடித்தால் எதிர்த்துப் பேசவும் இயலாது. பேசுகிறவன் ஆண்டவரோடன்றோ பேசிக்கொண்டிருக்கிறான்!

பட்டியலில் கையொப்பமிட்டு மேலனுப்பினோம். பின்பு நெடுநேரம் வேலை ஓடவில்லை.

அன்று மாலையே ஒரு முடிவுக்கு வந்தோம். வரும் ஞாயிறு ஆராதனையின் இறுதியில் எழுந்து, சபையார் அனைவர் முன்னும் எம் பிழையை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்பது என்பது அம்முடிவு. என்ன சொல்வது என்றும் மனத்துக்குள் அமைத்துப் பார்த்தோம். 'பாவிகளில் பெரும்பாவி' என்று தொடங்கினால் நன்றாயிருக்கும் எனத் தோன்றியது. சொல்லி முடித்ததும் பலர் வந்து கையைப் பற்றி, 'என்ன தாழ்மை!' என்று நெகிழ்வதுவரை எண்ணம் ஓடிவிட்டது. அப்போதுதான் திடுக்கிட்டோம்.

எம் ஐயரவர்கள் முன்பு இரவல் தந்த நூலொன்று நினைவுக்கு வந்தது. பெனடிக்ட் என்னும் துறவி ஆறாம் நூற்றாண்டில் தம் மடத்தாருக்கு வகுத்த ஒழுங்கில், தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகளை வைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெர்னார்டு, பிரான்சு நாட்டுக் கிளேர்வோ மடத்தின் தலைவர். தாழ்மையின் படிகளை விளக்குமாறு கேட்டவருக்கு, அவர் அவற்றைத் தலைகீழாக்கிப் பெருமையின் பன்னிரண்டு படிகளை எழுதிக் கொடுத்தார். ஏறும் வழியைவிட இறங்கும் வழியே தமக்கு நன்கு தெரியும் என்னும் கருத்துப்பட நூலை முடித்திருக்கிறார். அவர் காட்டும் முதற்படி யாதெனில், தன்னைப் பாராமல் பிறரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கண். ஐந்தாம் படி, மற்றவர் செய்யாத ஒன்றைச் செய்து தனித்துத் தோன்ற விழைதல். ஒன்பதாம் படி, போலிக் குற்ற ஒப்புதல். தன்னைத் தானே மிகைபடத் தாழ்த்திப் பேசிக்கொள்ளுதல்.

எண்ணிப் பார்த்தோம். முதற்படி ஆராதனையில் ஆயிற்று. ஐந்தாம் படி வாட்ஸ்அப் குழுவில் ஆயிற்று. ஒன்பதாம் படிக்கு வரும் ஞாயிறு நாள் குறித்திருந்தோம். தாழ்மை பேசுவோரை ஆய்வதற்கு எளிய வழி ஒன்றுண்டு. 'நான் வெறும் தூசி' என்பவரிடம், 'ஆம், நீர் தூசியே' என்று சொல்லிப் பார்க்க வேண்டும். முகம் மாறினால், முன் சொன்ன சொல்லில் தாழ்மை இல்லை. அந்தச் சோதனையில் யாம் தேறியிருக்க மாட்டோம்.

ஆகவே ஞாயிறுவரை காத்திராமல், மறுநாள் மாலை அவர் குடியிருப்புக்குச் சென்றோம். கதவைத் திறந்தவர், 'வாருங்கள் சார்' என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அமைத்து வைத்திருந்த சொற்கள் எவையும் வரவில்லை. 'அண்ணாச்சி, அந்த ஜெபம் தவறு. உங்களைக் குத்திச் செய்தது. மன்னிக்க வேண்டும்' என்றுமட்டும் சொன்னோம். 'ஞாயிறன்று சபையார் முன்பும் சொல்லிவிடுகிறோம்' என்றோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, 'சபையில் ஒன்றும் சொல்ல வேண்டாம் சார். நான் பட்டது போகட்டும். என் மகள் திடப்படுத்தலுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், "அப்பா, ஆண்டவர் உங்கள்மேல் கோபமாக இருக்கிறாரா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னால் அவள் நம்புவதாகவும் இல்லை. நீங்கள் அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்' என்றார்.

நாற்பது குடும்பத்தார்முன் எழுந்து பேசுவது எமக்கு எளிதாகத் தோன்றியது. ஒரு சிறுமியின்முன் பேசுவது அவ்வளவு எளிதாக இல்லை. அங்கே நெகிழ்ந்து கைபற்றுவார் எவருமில்லை. அவள் உள்ளறை வாயிலில் வந்து நின்றாள்; பாடப்புத்தகத்தில் விரலை வைத்து மூடியிருந்தாள். 'அம்மா, அன்று யாம் ஜெபம் செய்தது ஆண்டவரிடம் அன்று, உன் தந்தையிடம். ஆண்டவர் பெயரை நடுவே வைத்துக்கொண்டு உன் தந்தையைத் திட்டினோம். ஆண்டவர் அவர்மேல் கோபமாக இல்லை. இரவெல்லாம் பனியில் நின்றுவிட்டு அவர் ஆலயத்துக்கு வந்தார். அது தெரியாமல் யாம் பேசினோம். பிழை எம்முடையது' என்றோம்.

அவள் மறுமொழி ஏதும் கூறவில்லை. தந்தையின் முகத்தைப் பார்த்தாள், எம் முகத்தைப் பார்த்தாள், உள்ளே சென்றாள். சற்று நேரத்தில் தேநீர் கொண்டுவந்து, முதலில் தந்தைக்குக் கொடுத்துவிட்டுப் பின்பு எமக்குக் கொடுத்தாள். அது சரியான வரிசை என்றே பட்டது.

விடைபெறும்போது அவர் வாயில்வரை வந்தார். 'ஞாயிறு வருகிறேன் தம்பி. நான் உறங்கினால் எழுப்புங்கள். ஆனால் ஜெபத்தால் எழுப்ப வேண்டாம். கையால் தட்டி எழுப்புங்கள்' என்றார். அந்தத் 'தம்பி' திரும்பிவந்தது எமக்குக் கிடைத்த பதவி உயர்வு.

நேயர்களே, இதிலிருந்து யாம் கற்றதை மிகச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். பக்திப் பெருமை தீய செயலில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை; நல்ல செயலிலேயே ஒட்டுகிறது. குடிகாரன் தன் குடியைப்பற்றிப் பெருமை கொண்டால் ஊரே நகைக்கும். உபவாசிக்கிறவன் தன் உபவாசத்தைப்பற்றிப் பெருமை கொண்டால் ஊர் வணங்கும். ஆகவேதான் பின்னது கொடிது. இதற்காக உபவாசத்தையும் ஜெபத்தையும் விட்டுவிடுதல் மருந்தாகாது. துரு ஏறுகிறதென்று தண்டவாளத்தைப் பெயர்த்தெடுப்பார் உண்டோ? செய்யும்போது பக்கத்தில் நிற்பவனைப் பாராதிருத்தலே மருந்து. பார்த்தே தீர வேண்டுமாயின், அவன் இரவு எங்கிருந்தான், என்ன உண்டான், அவன் வீட்டில் நலமா என்பதைக் கேட்டறியும் பொருட்டுப் பார்த்தல் வேண்டும்.

தாழ்மை என்பது தன்னைப்பற்றித் தாழ்வாகப் பேசுவதன்று; தன்னைப்பற்றிய பேச்சையே சற்று மறந்திருத்தல். திருநாவுக்கரசர், தம்மினும் மிக இளைய சம்பந்தரின் சிவிகையைக் கூட்டத்துள் மறைந்து நின்று சுமந்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. சம்பந்தர் 'அப்பர் எங்குற்றார்' என்று வினவிய பிறகே அவர் தம்மை வெளிப்படுத்தினார். பிறந்த மண்ணைவிட்டு வந்திருக்கும் நமக்கு இதனில் தனிப்பாடம் உண்டு. ஊரில் இருந்தால் உறவினர் கூட்டம் நம் குற்றங்களை முகத்துக்கு நேரே சொல்லித் திருத்தும். இங்கோ நாற்பது குடும்பங்களே நமக்குச் சுற்றமும் ஊரும் ஆலயமும். அவற்றுள் ஒரு குடும்பம் நம் பெருமையால் விலகிப்போனால், அது சென்று சேர வேறு தமிழ் வாசல் இந்நகரில் இல்லை.

எம் சபையில் இப்போது ஒரு சிறு மாற்றம் செய்துள்ளோம். ஞாயிறு மன்றாட்டில், முந்திய இரவு விழித்திருந்து பணி செய்த யார்டுப் பணியாளர், செவிலியர், காவலர் எல்லாருக்காகவும் ஒரு வேண்டுதல் சேர்ந்திருக்கிறது. பெயர் எதுவும் சொல்வதில்லை. ஜெபத்தில் எவரையும் சுட்டிப் பேசலாகாது என்றும் சபைக் குழுவில் முடிவு செய்தோம். முடிவேட்டில் அதனை எழுதியது எம் கையே.

அவர் இப்போதும் வருகிறார். மூன்றாம் பலகையில் அமர்கிறார். சில ஞாயிறுகளில் உறங்குகிறார். யாம் முதற்பலகையை விட்டு அவர் அருகில் அமர்கிறோம். பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழுந்து நிற்கும் வேளையில் அவர் முழங்கையை மெல்லத் தொடுகிறோம். அவர் விழித்து, சிரித்து, எழுந்து நிற்கிறார். யாம் செய்த ஜெபங்களுள் பழுதற்றது அந்தத் தொடுதல் ஒன்றே என்று சில வேளை எண்ணத் தோன்றுகிறது. அப்படி எண்ணுவதும் பெருமையில் போய் முடியுமோ என அஞ்சி, இவ்வளவில் நிறுத்துகிறோம்.

அடுத்த திங்கள் முன்பதிவு பற்றி எழுதுவோம்.